அக்காவின் இசைத்தட்டுகளை ஏன் பங்கு போடவில்லை

இந்த மலரோடு உங்கள் கையில் ஒரு துணிப்பையும் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் இனிப்புப் பொட்டலமும் இருக்கும். கூடவே அக்காவின் இசைத்தட்டு ஒன்றும் இருக்கும் என்று உங்களில் சிலருக்குச் செய்தி வந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும். இல்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டாம். கொடுக்கக் கூடாது என்று மறித்து நின்றவள் நான்தான், அக்காவின் தங்கை. கோபம் வந்தால் என் மேல் வரட்டும், தம்பி மேல் வேண்டாம்.

"கண்ணுல தண்ணி வர்ற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடு" என்று என்னைக் கேட்டார்கள். முதலாண்டு நினைவுக்கு அச்சிடும் மலரில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? விளக்கு அணைந்தது, ஆலமரம் சாய்ந்தது என்று தொடங்க வேண்டும். எங்கள் அக்கா விளக்கும் இல்லை, ஆலமரமும் இல்லை. ஐந்தடிக்கும் குறைந்த உயரம், தடித்த மூக்குக்கண்ணாடி, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, யார் என்ன சொன்னாலும் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கும் வாய். அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிப் புகைப்படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா மயிலாப்பூரில், சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில், எங்கள் பெற்றோருக்கு முதல் குழந்தையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி. அப்பா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்கு நாற்காலி வாங்குவதற்கு முன்பே ரெக்கார்டு பிளேயர் வாங்கிய மனிதர் அவர். "உக்கார தரை இருக்கு, பாட்டுக்கு என்ன இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டாராம். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு, வீட்டில் அம்மாவும் நாங்கள் மூவரும் அந்தப் பிளேயரும்தான் மிச்சம்.

அக்கா ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் இவருக்கு அவரையும் அவருக்கு இவரையும் இணைத்துவிடுகிற வேலை. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அதை வைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், தம்பியை இன்ஜினீயர் ஆக்கினார், அம்மாவைக் கடைசிவரை பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட்டும் வாங்கினார். லிஃப்ட் இல்லாத மாடி.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை மலரில் எழுத வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். எழுதுகிறேன். ஆகவில்லை என்று அல்ல, அவர் செய்துகொள்ளவில்லை என்று எழுதுகிறேன். தம்பி தங்கைக்காகத் தியாகம் செய்தவள் என்று ஒரு விசேஷத்தில் யாரோ உருகியபோது அக்கா அங்கேயே சொன்னார்: "தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வந்தவனுங்க எவனையும் எனக்குப் பிடிக்கல, அவ்ளோதான்." அன்று பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் கூடச் சிரித்துவிட்டார்.

இனி இசைத்தட்டுகளுக்கு வருகிறேன். அப்பா விட்டுப்போனவை ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் அடங்கும். மற்றவை எல்லாம் பின்னால் வந்தவை. கேசட் வந்து எல்லோரும் அதற்கு மாறிய காலம் அது. லஸ் பக்கம் ஒரு டாக்டர் வீட்டு வாசலில், குப்பைத்தொட்டிக்கு அருகில், கட்டுக் கட்டாக இசைத்தட்டுகள் கிடப்பதை வேலைக்குப் போகும் வழியில் அக்கா பார்த்தார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வீட்டு மணியை அடித்து, "இதைப் போடறீங்களா? நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். "தாராளமா எடுத்துட்டுப் போம்மா, இடம் காலியாகும்" என்றார்களாம். அக்கா அன்று லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அப்புறம் வாய்வழியாகப் பரவிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டுபவர்கள், பிள்ளைகளோடு அமெரிக்கா போகிறவர்கள், அப்பா செத்த பிறகு அவர் அறையைக் காலி செய்கிறவர்கள் என்று தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். பிற்பாடு சி.டி.யும் வழக்கொழிந்தபோது அதுவும் மூட்டை மூட்டையாக வந்தது. இந்த மலரைப் படிக்கும் சொந்தங்களில் பலர் வீட்டுத் தட்டுகளும் அங்கே இருக்கின்றன. கொடுத்தீர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதிப் பேர் தூக்கித்தான் போட்டீர்கள்.

அந்த ஃபிளாட்டில் படுக்கையறை ஒன்றுதான். வடக்குப் பார்த்த அறை, வெயில் நேராக விழாது, சித்திரை வைகாசியிலும் உள்ளே போனால் குளுமையாக இருக்கும். அக்கா அதைத் தட்டுகளுக்குக் கொடுத்துவிட்டுத் தன் கட்டிலை ஹாலில் போட்டுக்கொண்டார். வெயில் பட்டால் இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும், மழைக்காலத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும், கடற்காற்று வேறு. ராயப்பேட்டையிலிருந்து தச்சர் சலீம் பாயை வரவழைத்துச் சுவரை ஒட்டாமல் தள்ளி நிற்கிற மாதிரி அலமாரிகள் செய்யச் சொன்னார். "அம்மா, பாக்கத்தான் மெலிசு, சேத்து வெச்சா கல்லு கனம். பலகை தாங்காது, நடுவுல கால் குடுத்துடறேன்" என்று பாய் தடுப்புத் தடுப்பாகச் செய்து கொடுத்தார். தட்டுகள் அதில் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், சாயவும் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. ஒருமுறை நான் நாலைந்து தட்டுகளை மேசை மேல் கிடத்திவிட்டேன். "ஏண்டி படுக்க வெக்கிறே, அது என்ன பொணமா?" என்று சத்தம் போட்டார்.

சொந்தக்காரர்களுக்கு இதைவிட ஒரு தீனி வேண்டுமா? "தட்டுக்கு பெட்ரூம், தனக்கு ஹாலு" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஹாலில் படுத்தால் காற்று நன்றாக வருகிறது என்று என்னிடம் சொன்னார். அது பொய். அந்த ஹாலில் மே மாதம் படுத்துப் பார்த்தவள் நான்.

அடுக்கும் முறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாடகர் பெயர்படியோ, படத்தின் பெயர்படியோ, வருஷப்படியோ அக்கா அடுக்கவில்லை. வீடு வீடாக அடுக்கினார். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுத் தட்டுகள் எல்லாம் ஒரே தடுப்பில், வந்த வரிசை மாறாமல் நிற்கும். பலகை விளிம்பில் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டியிருப்பார்: லஸ் டாக்டர் வீடு, இந்திரா நகர் டீச்சர் வீடு, மீர்சாகிப்பேட்டை பாய் வீடு, கோட்டூர்புரம் டெய்லர் வீடு. அப்பாவின் தகரப்பெட்டித் தட்டுகளுக்கும் ஒரு தடுப்பு, அதில் 'எங்கள் வீடு' என்று ஒட்டியிருக்கும்.

அதனால் ஒரே இசைத்தட்டு அந்த அறையில் பல இடங்களில் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு ஓடினால் எல்லா வீட்டிலும் அதைத்தானே வாங்குவார்கள். "ஒரே பாட்டு எதுக்கு இத்தனை? ஒண்ணை வெச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிப் போடு" என்று நானே சொல்லியிருக்கிறேன். "பாட்டு ஒண்ணுதான், வீடு வேற வேற" என்பார் அக்கா. ஒரு வீட்டில் எதைக் கேட்டார்கள், எதை வாங்கிவிட்டுக் கேட்கவே இல்லை, எதைத் தேயத் தேயக் கேட்டார்கள் என்பது அந்தத் தடுப்பை முழுதாகப் பார்த்தால் தெரியுமாம். அந்த டாக்டர் வீட்டில் வாங்கிய பக்திப் பாடல்களில் ஒரு கீறல் கூட இல்லை என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

கோட்டூர்புரம் டெய்லர் வீடு என்றேனே, அவர் ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தவர். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே பாட்டு ஓட்டிக்கொண்டு தைப்பாராம். அந்தக் குடியிருப்பை இடித்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பியபோது, புது இடத்தில் வைக்க இடமில்லை என்று அவர் தன் தட்டுகளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இறந்த பிறகு ஒருநாள் அவருடைய மகள் தேவகி இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, எங்க நைனா பாட்டு இன்னும் கீதா?" என்று கேட்டாள். அக்கா அந்தத் தடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தேவகி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், அழவில்லை. கிளம்பும்போது, "ஊட்ட இட்ச்சிட்டாங்கோ. பாட்டை ஒண்ணியும் பண்ண முடியல பாத்தியாக்கா" என்றாள். அன்றைக்குப் பிறகு நான் மீதியைத் தூக்கிப் போடு என்று சொன்னதில்லை.

இப்போது தம்பியைப் பற்றிய பகுதி வருகிறது. தம்பி இதைப் படித்துவிட்டான், எழுது என்றும் சொல்லிவிட்டான், ஆகவே எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய கோடையில் அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனையில் அக்காவோடு இருந்தேன். வீட்டைத் தம்பி பார்த்துக்கொண்டான். திரும்பி வரும் அக்கா அந்த வெந்த ஹாலில் படுக்கக் கூடாது, குளுமையான அறையில் கட்டில் போட வேண்டும் என்று அவன் நினைத்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. லீவு போட்டுவிட்டு, வியர்த்து வழிய, ஒரு வாரம் உட்கார்ந்து அக்காவின் தட்டுகளை ஒழுங்குபடுத்தினான். இன்ஜினீயர் அல்லவா! படத்தின் பெயரை வைத்து அகர வரிசை. ஒரே தட்டு பல இருந்தால், பளபளவென்று இருப்பதில் ஒன்றை வைத்துக்கொண்டு, கீறல் விழுந்ததையும் உறை கிழிந்ததையும் கழித்துக் கட்டினான். வீட்டுப் பெயர் ஒட்டிய தாள்களைச் சுரண்டி எடுத்து, பலகையைத் துடைத்து, பாதி அலமாரியைக் காலி செய்து கட்டிலையும் போட்டுவிட்டான்.

அக்கா மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, அந்த அறை வாசலில் நின்றார். தம்பி முகத்தில் பெருமை. "எப்படிக்கா இருக்கு? இனிமே எந்தப் பாட்டு வேணும்னாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றான்.

அக்கா அலமாரியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "மீதி எங்கடா?" என்று கேட்டார்.

"டூப்ளிகேட் எல்லாம் பின்னாடி பால்கனில கட்டி வெச்சிருக்கேன்க்கா. கொஞ்சம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சு. ஒண்ணு இருக்கில்ல, எதுக்கு நாலு?"

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலைக் காட்டி, "முதல்ல இதை வெளில போடு" என்றார். "அக்கா, டாக்டர் சொல்லியிருக்காரு..." என்று அவன் இழுத்தான். "டாக்டர் என் நெஞ்சைத்தான் பாத்தாரு, என் வீட்டைப் பாக்கல. வெளில போடுன்னா போடு." தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கட்டிலைத் தனியாளாக இழுத்து ஹாலில் போட்டுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

தம்பியைத் திட்டவும் மனம் வரவில்லை, அக்கா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பளபளப்பாக இருப்பதை வைத்துக்கொண்டான் என்றால், தேய்ந்தவை எல்லாம் போய்விட்டன என்றுதானே பொருள்? தேயத் தேயக் கேட்டவை யாருடையவை? அலமாரியிலும் பால்கனியிலும் தேடினால், தேவகி வந்த அன்று நான் பார்த்த டெய்லர் வீட்டு உறைகளில் முக்கால்வாசி காணோம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும், "இன்னாம்மா, இத்தத் தேடிக்கினா இப்டி ஓடியாந்தே? தோ, மூலைல கீது பாரு. பிளாஸ்டிக்னு எட்தேன், வாங்கறவன் வேணான்ட்டான். தூக்கினு போ" என்றார். சாக்கை உதறிக் கொடுத்து, தானே ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்தார். சில கட்டுகள் அதற்குள் வேறு எங்கோ போயிருந்தன. அவை திரும்பக் கிடைக்கவில்லை. டெய்லர் வீட்டுத் தட்டுகள் கிடைத்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் உடைந்திருந்தது.

எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன, ஆனால் எது எந்த வீட்டுடையது என்று பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கவில்லை. அது எல்லாம் அக்காவின் தலைக்குள்தான் இருந்தது. "நான் போறதுக்குள்ள இதுங்களை அதது வீட்ல சேத்துடணும்டி" என்றார் அக்கா. நான் திருவான்மியூரில் மகன் வீட்டில் இருப்பவள். அன்றிலிருந்து பாதி நாள் மந்தைவெளியில்தான் இருந்தேன். மகன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உறையில் பெயர் எழுதியிருந்தவை சுலபமாக முடிந்தன. கல்யாணப் பரிசு என்று எழுதியவை, பிள்ளைகள் பேனாவால் மீசை வரைந்தவை, ஊதுபத்தி வாசனை ஏறியவை என்று அடையாளம் வைத்து இன்னும் கொஞ்சம். மற்றதை எல்லாம் பிளேயரில் போட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். கீறலைக் காதால் கேட்டே அக்கா வீட்டைச் சொல்வார். சரணத்தில் இரண்டு இடத்தில் டிக் டிக் என்றால் இந்திரா நகர் டீச்சர் வீடு. தொடக்கத்திலேயே கரகரவென்று வந்து பின்னால் சுத்தமாக ஓடினால் மீர்சாகிப்பேட்டை பாய் வீடு, அங்கே எப்போதும் யாரோ அவசரமாக ஊசியை வைத்திருக்கிறார்கள். மூச்சுக்கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "இல்ல, இது இல்ல, அடுத்ததைப் போடு" என்பார். களைத்துப்போனால் கண்ணை மூடிக்கொள்வார். நான் பிளேயரை நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே திட்டுவார்.

தம்பி கோபத்தில் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீரோடு வந்தான். எங்களிடம் பேசாமல் சமையலறைக்குப் போய் இளநீரை வெட்டி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கழித்துக் கட்டிய கட்டிலிருந்த ஒரு தட்டை நான் அப்போது போட்டேன். பழைய பாட்டு, எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லோரும் பாடியது. சமையலறையிலிருந்து தம்பியும் கூடவே முனகத் தொடங்கினான். பல்லவி முடிந்து இரண்டாவது வரியில் ஊசி ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவியது. உள்ளே தம்பியும் அதே சொல்லை விழுங்கிவிட்டு அதே இடத்தில் தாவினான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"டேய், இங்க வாடா" என்றார் அக்கா. "இந்தப் பாட்டை யாருடா இப்படி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எப்படி? பாட்டே இப்படித்தானே?"

"பாட்டு அப்படி இல்லடா தடியா. நீ நாலு வயசுல ஸ்டூல் மேல ஏறி ஊசியைப் பிடிச்சு இழுத்தே. அப்பா உன்னை அடிக்கக் கை ஓங்கிட்டு அடிக்காம விட்டாரு. அன்னிலேர்ந்து இது அங்க தாவும். இதைக் கேட்டுத்தான் நீ வளந்தே."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். எந்த விசேஷத்தில் பாடச் சொன்னாலும் அவன் பாடுவது அந்த ஒரு பாட்டுதான், உங்கள் எல்லோருக்கும் தெரியும். "அப்போ இது நம்ம வீட்டுதா?" என்று கேட்டான். "ஆமா. நீ கட்டி வெச்ச கட்டுல இருந்துச்சு" என்றார் அக்கா. திட்டாமல், சாதாரணமாகச் சொன்னார். அறுபது வயது தாண்டிய என் தம்பி அந்தத் தட்டைக் கையில் வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு வாரமும் தவறாமல் வந்து எங்களோடு உட்கார்ந்தான். வெள்ளைத்தாளில் வீட்டுப் பெயர்களை மறுபடியும் எழுதி ஒட்டியவன் அவன்தான்.

வேலை முழுதாக முடியவில்லை. கடைசியில் கொஞ்சம் தட்டுகள் எந்த வீடு என்று தெரியாமலே நின்றுவிட்டன. எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் அக்காவுக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுத் தடுப்பிலேயே சேர்த்துவிடலாமே என்றேன். "சேக்காதே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வெக்கக் கூடாது. அடித் தடுப்புல தனியா நிக்கட்டும், யாராவது வந்து சொல்வாங்க" என்றார். அதற்கு அடுத்த வாரம், காலைக் காபியைக் குடித்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிப் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. அமைதியாகப் போனார் என்று எழுதச் சொன்னார்கள். அக்கா எதையும் அமைதியாகச் செய்தவர் அல்லர். வேலை பாக்கி இருக்கும்போது போனார், அதுதான் உண்மை.

இனி பங்கு போடும் கதை. முதலாண்டு நினைவை எப்படிச் செய்வது என்று பேசுவதற்கு நங்கநல்லூரில் மாமா வீட்டில் கூடினோம். எங்கள் அம்மாவின் தம்பி அவர். குடும்பத்தில் இப்போது மூத்தவர், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "வர்றவங்களுக்குக் கிண்ணம் குடுக்கறது எல்லாரும் பண்றதுதான். பையில அவ சேத்து வெச்ச தட்டுல ஆளுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்துடுவோம். அவ ஞாபகம் எல்லார் வீட்லயும் இருக்கும், ஃபிளாட்டும் காலியாகும், வாடகைக்கு விட்டுடலாம்" என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். சித்தப்பா பேத்தி ஒருத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். இசைத்தட்டின் நடுவில் முள் வைத்துச் சுவர்க் கடிகாரம் செய்திருந்தார்கள். இன்னொன்றைச் சுடவைத்து வளைத்துச் சிப்ஸ் போடும் கிண்ணமாக்கியிருந்தார்கள். "சூப்பரா இருக்கில்ல அத்தை?" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "மாமா, உங்க வீட்ல இதைப் போட்டுக் கேக்கறதுக்குப் பிளேயர் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது எங்க இருக்கு இப்போ? ஷோகேஸ்ல வெப்போம்."

"எங்க அக்கா ஷோகேஸ் பொம்மை இல்ல."

"செத்தவ பேர்ல ஆளுக்கு ஒண்ணு போனா அவளுக்குப் புண்ணியம்டி."

"ஆளுக்கு ஒண்ணா எடுத்தா எத்தனை வீடு சிதறும்னு தெரியுமா உங்களுக்கு? மூச்சு விட முடியாம உக்காந்து ஒண்ணு ஒண்ணா சேத்து வெச்சுட்டுப் போயிருக்கா. அதைப் பிரிச்சுத்தான் அவளுக்குப் புண்ணியம் தேடணுமா? அந்தப் புண்ணியம் வேணாம்."

மாமாவை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. மாமாவின் கண்கள் தம்பியைத் தேடின. ஆண்பிள்ளை சொல்லட்டும் என்று அர்த்தம். தம்பி எழுந்து நின்றான்.

"விடுங்க மாமா. நான் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். இன்னொரு தடவை வேணாம்" என்றான்.

"சரிடா, அப்போ அந்த வீட்டைப் பூட்டி வெச்சு என்ன பண்ணப்போறீங்க? யாரு இருக்கா அங்க?"

"நான் இருக்கேன்" என்றேன். அந்த நிமிடம் வரை நான் அப்படி ஒன்றை நினைத்ததுகூட இல்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் முடிவு என்று எனக்கே தெரிந்தது. மகன் பதறிப்போய், "அம்மா, இந்த வயசுல தனியாவா?" என்றான். "தனியா எங்கடா? அந்த ரூம்ல எத்தனை வீடு இருக்குன்னு வந்து எண்ணிப் பாரு" என்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அக்காளுக்கு ஏத்த தங்கச்சி" என்றார். வசவாகத்தான் சொன்னார். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்கு மூச்சுக்கருவியை இரண்டு மாடி தூக்கி வந்த கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றி. பலகை வளையாமல் அலமாரி செய்து கொடுத்து, இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்து வந்த சலீம் பாய்க்கு நன்றி. மூலையில் போட்டு வைத்த பழைய பேப்பர் கடைக்காரருக்கு நன்றி. தகவல் தெரிந்து இரண்டு பஸ் மாறி வந்து, எங்களுக்கு முன்னால் சமையலறையில் நுழைந்து எல்லோருக்கும் டீ போட்ட தேவகிக்கு நன்றி. நான் எதிர்த்துப் பேசியும் இந்த மலரின் செலவில் பாதியை ஏற்றுக்கொண்ட மாமாவுக்கு நன்றி. அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் இன்னும் பக்குவப்படவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அடித் தடுப்பில் வீடு தெரியாத தட்டுகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றின் உறையில் 'சுமதிக்குத் தரக் கூடாது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. ஒன்றில் குழந்தையின் எச்சில் பட்ட பல்தடம் இருக்கிறது. இன்னொன்றில், பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஊசி ஒரு துள்ளு துள்ளும்; அந்த வீட்டில் யாரோ அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டும். அது உங்கள் வீடாக இருக்கலாம், சுமதி உங்கள் அத்தையாக இருக்கலாம். வந்து உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் சொல்லுங்கள், வெள்ளைத்தாளும் பசையும் எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்துப்போக மட்டும் யாரும் வர வேண்டாம்.

நான் மந்தைவெளியில்தான் இருக்கிறேன். மணியை ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதீர்கள், விடாமல் அடியுங்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.